பின்னோக்கிய கைக்குழந்தை கார் சீட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் மோதும்போது குழந்தையின் வேகத்தை எங்கே, எவ்வளவு தூரத்துக்குள், எதை நசுக்கிக் குறைப்பது? கைக்குழந்தை சீட்டின் வடிவமைப்பு முழுக்க இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் ஓடுகிறது. பெற்றோர் கேட்பவையும், வடிவமைப்பு படிக்கிற மாணவர்கள் கேட்பவையும் இங்கே கலந்தே இருக்கின்றன. நடுவில் கொஞ்சம் கணக்கு வரும். பயப்பட வேண்டாம், பள்ளிக்கூடத்து இயற்பியல்தான்.

குழந்தையை ஏன் காரின் பின்பக்கம் பார்த்து உட்கார வைக்க வேண்டும்?

கழுத்துதான் காரணம். பிறந்த குழந்தையின் தலை, உடல் நீளத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. அதைத் தாங்கும் கழுத்தெலும்புகளோ பாதி குருத்தெலும்பாக இருக்கின்றன. அவற்றைக் கட்டி வைத்திருக்கும் தசைநார்களும் தளர்வானவை. கைக்குழந்தையின் முதுகெலும்புத் தொடர் 5 செ.மீ. வரைகூட இழுபடும், உள்ளே ஓடும் தண்டுவடம் 6 மி.மீ. அளவுக்கு மேல் இழுபட்டாலே அறுந்துவிடும் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

முன்னோக்கி உட்கார்ந்த குழந்தை நேருக்கு நேர் மோதலில் என்ன ஆகும்? தோளைப் பட்டைகள் பிடித்துக்கொள்ளும். தலையைப் பிடிக்க எதுவும் இல்லை. அது முன்னால் போய்க்கொண்டே இருக்கும். அந்த இழுப்பு முழுவதும் கழுத்தில் விழும். திருப்பி உட்கார வைத்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றும் சேர்ந்தே சீட்டின் ஓட்டில், அதாவது அதன் கெட்டியான பிளாஸ்டிக் கூட்டில், அழுந்துகின்றன. விசை முதுகுப் பரப்பு முழுக்கப் பரவுகிறது, கழுத்து இழுபடுவதில்லை.

இந்த யோசனை யாருக்கு முதலில் வந்தது?

ஸ்வீடன் நாட்டுப் பேராசிரியர் பெர்டில் ஆல்ட்மன். 1960களில் அமெரிக்காவின் ஜெமினி விண்கலத்தில் வீரர்கள் மல்லாந்த நிலையில் கிளம்புவதைக் கவனித்தார். மேலெழும் முடுக்கத்தை முதுகு முழுவதும் வாங்கிக்கொள்ளும்படி அவர்களின் இருக்கை அமைந்திருந்தது. காரில் போகும் குழந்தைக்கும் இது பொருந்துமே என்று நினைத்துச் செய்த மாதிரி சீட்டை 1964இல் வால்வோ பிவி544 காரில் வைத்துச் சோதித்தார்கள். 1972இல் வால்வோ பின்னோக்கிய சீட்டை விற்பனைக்கே கொண்டுவந்தது.

அதற்கு முன்பும் குழந்தைகளுக்கான கார் இருக்கைகள் இருந்தன. 1930களில் வந்தவை குழந்தை ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்க உயரம் கொடுப்பதற்கும், அங்கே இங்கே ஏறாமல் ஓரிடத்தில் இருப்பதற்கும் செய்யப்பட்டவை. மோதலைப் பற்றி யாரும் யோசித்திருக்கவில்லை.

மணிக்கு 50 கி.மீ. அவ்வளவு பெரிய வேகமா? நகருக்குள் எல்லோரும் போவதுதானே?

50 கி.மீ. என்பது விநாடிக்குக் கிட்டத்தட்ட 13.9 மீட்டர். உயரத்திலிருந்து கீழே விழும் பொருள் இந்த வேகத்தை எட்ட ஏறத்தாழ 9.8 மீட்டர் விழ வேண்டும். அதாவது மூன்றாவது மாடியிலிருந்து. நகருக்குள் சாதாரணமாகப் போகும் கார், உள்ளே இருப்பவர்களை மூன்று மாடி உயரத்தில் வைத்துக்கொண்டுதான் போகிறது.

9 கிலோ குழந்தையிடம் அப்போது இருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 870 ஜூல். அது எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். 5 செ.மீ. தூரத்துக்குள் நின்றால் சராசரியாக 200 ஜி அளவுக்கு உடல் அடி வாங்கும். 70 செ.மீ. தூரத்தில் நின்றால் 14 ஜி மட்டும். ‘ஜி’ என்பது புவியீர்ப்பு முடுக்கத்தின் மடங்கு. 14 ஜி என்றால் உடல் தன் எடையைப் போல் 14 மடங்கு விசையை உணர்கிறது. நிற்கிற தூரம் கூடினால் அடி குறையும். பந்தைப் பிடிக்கிறவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே பிடிப்பதும் இதற்காகத்தான்.

அப்படியென்றால் சீட்டுக்குள் இருக்கும் நுரைதான் அந்த 70 செ.மீ. கொடுக்கிறதா?

இல்லை. பலரும் தடுமாறும் இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்த 70 செ.மீ. காரின் முன்பகுதி கொடுப்பது. பானெட்டுக்குக் கீழே இருக்கும் உலோகச் சட்டங்கள் மடங்கி நசுங்குவதால் கார் முழுவதும் சட்டென்று நிற்காமல், சுமார் பத்தில் ஒரு விநாடி எடுத்துக்கொண்டு நிற்கிறது. குழந்தை அந்தக் காரோடு சேர்ந்தே மெதுவாகிக்கொண்டு வந்தால் அந்தத் தூரம் முழுவதும் அதற்கும் கிடைக்கும். ஆக, சீட்டின் முதல் வேலை குழந்தையைக் காரோடு கட்டிப்போடுவது. நுரை அதற்கு அப்புறம்தான்.

சீட் காருக்குள் 10 செ.மீ. தொய்வாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மோதல் தொடங்கிக் கார் வேகம் குறைகிறது. சீட்டும் குழந்தையும் பழைய வேகத்திலேயே போகின்றன. 14 ஜி கணக்கில் பார்த்தால், அந்த 10 செ.மீ. தொய்வு தீர 38 மில்லிவிநாடி ஆகிறது. மொத்தம் இருப்பதே 100 மில்லிவிநாடிதான். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீணாகிவிட்டது. அதற்குள் காருக்கும் குழந்தைக்கும் இடையே மணிக்கு 19 கி.மீ. வேக வித்தியாசம் வந்துவிடும். பட்டை இறுகும் அந்தக் கணத்தில் இதெல்லாம் சேர்ந்து ஒரே இழுப்பாக இழுக்கும்.

தொய்வை 2.5 செ.மீ. ஆகக் குறைத்தால்? நாலில் ஒரு பங்குதானே, வீணாகும் நேரமும் நாலில் ஒரு பங்காகும் என்று தோன்றும். ஆகாது. 19 மில்லிவிநாடி வீணாகும், அதாவது பாதி. தொய்வு நேரத்தின் வர்க்கத்தோடு போகிறது என்பதால் முதல் சில சென்டிமீட்டர்கள்தான் அதிகம் விழுங்குகின்றன. பொருத்திய சீட்டை பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டிப் பார்த்தால் 2.5 செ.மீ.க்கு மேல் அசையக் கூடாது என்று எல்லாக் கையேடுகளிலும் இருப்பதன் பின்னணி இதுதான். சும்மா போட்ட விதி இல்லை.

சரி, நுரைக்கு என்ன வேலை?

எவ்வளவு இறுக்கினாலும் துணி, பட்டை, குழந்தையின் உடல் எல்லாவற்றிலும் கொஞ்சம் நெகிழ்வு இருக்கும். தலை சீட்டின் ஓட்டைத் தொடும்போது இரண்டுக்கும் இடையே கொஞ்சம் வேக வித்தியாசம் வந்தே தீரும். அந்த மிச்சத்தை வாங்குவது நுரை.

தலை விநாடிக்கு 5 மீட்டர் வித்தியாசத்தில் நுரையில் மோதுகிறது, தலைக்கு 50 ஜிக்கு மேல் போகக் கூடாது என்று வைத்துக் கணக்குப் போட்டால், 2.5 செ.மீ. நசுங்கும் தூரம் வேண்டும். ஆனால் 2.5 செ.மீ. தடிமன் போதாது. நுரை தன் தடிமனில் 60 முதல் 70 சதவீதம் வரைதான் ஒரே சீராக நசுங்கும். அதற்குமேல் உள்ளே இருந்த காற்றறைகள் எல்லாம் தட்டையாகி, திடீரென்று கல்லைப் போலக் கெட்டியாகிவிடும். ஆகவே 4 செ.மீ. வேண்டும். கடையில் சில சீட்டுகளின் தலைப்பகுதியை விரலால் அழுத்தினால் மெத்தென்று இருக்கும். துணியை விலக்கிப் பார்த்தால் ஒரு சென்டிமீட்டர் பஞ்சு, அதற்குப் பின்னால் நேராக பிளாஸ்டிக். மெத்தென்று இருப்பதற்கும் மோதலை வாங்குவதற்கும் சம்பந்தமே இல்லை.

எந்த நுரையைப் பயன்படுத்துகிறார்கள்?

பெரும்பாலும் இரண்டு. ஒன்று இபிஎஸ், நாம் தெர்மாகோல் என்று சொல்வதன் அடர்த்தியான வகை. ஹெல்மெட்டுக்குள் இருப்பதும் இதுவே. இன்னொன்று இபிபி, பாலிப்ரொப்பிலீனை ஊதிச் செய்வது.

இபிஎஸ் ஒருமுறை நசுங்கினால் அப்படியே இருந்துவிடும். ஆற்றலை நன்றாக விழுங்கும், மலிவு, எடை குறைவு. ஆனால் சீட் கைதவறிக் கீழே விழுந்தாலும் விரிசல் விடலாம், அந்த விரிசல் துணிக்குள் மறைந்திருக்கும். இபிபி நசுங்கிய பிறகு ஓரளவு பழைய நிலைக்கு வரும், தினசரி முரட்டுப் புழக்கத்தைத் தாங்கும், விலை கூடுதல். என்னைக் கேட்டால், தினமும் கழற்றித் தூக்கிக்கொண்டு போகிற தொட்டில் வகை சீட்டுக்கு இபிபிதான் சரி.

நசுங்கியதும் திரும்ப எழுவது நல்லதுதானே? ஸ்பிரிங் வைத்தால் என்ன?

மாணவர்களின் வரைபடங்களில் ஸ்பிரிங் வராத ஆண்டே இல்லை. ஸ்பிரிங் ஆற்றலை விழுங்காது, கடன் வாங்கும். வாங்கியதை அடுத்த கணமே திருப்பிக் கொடுத்துவிடும். முன்னால் போன குழந்தை பின்னால் எறியப்படும். தலை சந்திக்கும் மொத்த வேக மாற்றம் இன்னும் கூடும்.

வேண்டியது, ஆற்றலை வாங்கி வெப்பமாகவோ நிரந்தர வளைவாகவோ மாற்றிவிட்டுச் சும்மா கிடக்கும் பொருள். நசுங்கும் நுரை அப்படி. தேன்கூடு போன்ற அறைகள் கொண்ட அலுமினியமும் அப்படித்தான். குறிப்பிட்ட விசை வந்ததும் ஒவ்வொன்றாகப் பிரியும்படி தைத்த பட்டைகளும் உண்டு. உயரத்தில் வேலை செய்பவர்களின் பாதுகாப்புக் கயிற்றில் இருப்பதும் இந்த வகையே. ஒன்றோடொன்று உராய்ந்து நழுவும் உலோகத் தகடுகளும் இந்த வேலையைச் செய்யும். இவற்றின் சிறப்பு, விசை ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருப்பது. ஸ்பிரிங்கில் விசை சின்னதாகத் தொடங்கி முடிவில் உச்சத்துக்குப் போகும். கிடைக்கும் 4 செ.மீ.யில் முதல் பாதியை அது வீணடிக்கிறது.

பிறந்த குழந்தைக்கும் ஒன்றரை வயதுக் குழந்தைக்கும் ஒரே நுரை போதுமா?

கைக்குழந்தை சீட் செய்வதில் இதுதான் மிகச் சிக்கலான பகுதி என்பேன். எளிய கணக்கைப் பாருங்கள். நுரை ஒரு சதுர மீட்டருக்கு 1,50,000 நியூட்டன் அழுத்தத்தில் நசுங்கத் தொடங்கும் வகை. பெரிய குழந்தையின் தலை 2.5 கிலோ, நுரையைத் தொடும் பரப்பு 80 சதுர செ.மீ. என்றால் விசை 1,200 நியூட்டன். தலைக்கு 49 ஜி. பிறந்த குழந்தையின் தலை 1 கிலோ, தொடும் பரப்பு 50 சதுர செ.மீ. என்றால் விசை 750 நியூட்டன்தான். ஆனால் எடை மிகக் குறைவு, அதனால் 76 ஜி.

அதே நுரை, அதே மோதல். பெரிய குழந்தைக்கு மெத்தையாக இருப்பது சின்னக் குழந்தைக்குச் சுவர். சின்னதுக்காக நுரையை இளக்கினால், பெரியது அதை அடிமட்டம் வரை நசுக்கி ஓட்டிலேயே மோதும்.

வழிகள் உண்டு. மேலே இளகிய நுரை, அடியில் கெட்டி நுரை என்று இரண்டு அடுக்காக வைக்கலாம். நுரையில் கூம்புகளோ விலா போன்ற வரிகளோ செதுக்கி, நசுங்க நசுங்கப் பரப்பு கூடும்படி செய்யலாம். சின்னக் குழந்தைக்கு மட்டும் தனியாக ஒரு உட்செருகி கொடுத்து, வளர்ந்ததும் எடுத்துவிடச் சொல்லலாம். மூன்றாவது வழி காகிதத்தில் நன்றாக இருக்கிறது. வீட்டில் பாதிப் பேர் அதைத் தப்பான மாதத்தில் எடுப்பார்கள், மீதிப் பேர் எடுக்கவே மாட்டார்கள். துவைக்கப் போட்டு அப்படியே மறந்துவிடுபவர்களும் உண்டு. அந்த உட்செருகியை நம்பி மொத்தப் பாதுகாப்பையும் வைக்கிற வடிவமைப்பு எனக்குப் பிடிக்காது.

இன்னொன்று: சீட்டோடு வராத தலையணை, உருளை, தடிமனான உறை எதையும் தனியாக வாங்கிக் குழந்தைக்குப் பின்னால் வைக்காதீர்கள். சோதனையில் அவை இருந்ததில்லை. அழுந்தும்போது அவை தட்டையாகிப் பட்டையைத் தொய்வாக்கிவிடும். குளிருக்குப் போடும் தடித்த மேல்சட்டைக்கும் இதே பதில். பட்டை போட்ட பிறகு மேலே போர்த்திவிடுங்கள்.

சீட் எவ்வளவு சாய்ந்திருக்க வேண்டும்?

இரண்டு எதிரெதிர் தேவைகள் இங்கே இழுபறி நடத்துகின்றன. நிமிர்ந்திருந்தால் பிறந்த குழந்தையின் தலை முன்னால் கவிழ்ந்து, மூச்சுக்குழாய் மடிந்து, மூச்சு தடைபடலாம். மல்லாந்து சாய்த்தால் மோதலில் முதுகு வாங்க வேண்டிய விசை தோளுக்குப் போய்விடும்.

செங்குத்திலிருந்து 45 டிகிரி சாய்ந்த ஓட்டில், மோதல் விசையில் 71 சதவீதம் ஓட்டுக்கு நேராக முதுகில் விழுகிறது. அதே 71 சதவீதம் குழந்தையை ஓட்டின் வழியே தலைப்பக்கமாக மேலே தள்ளுகிறது. (கூட்டினால் நூறைத் தாண்டுகிறதே என்று கேட்க வேண்டாம், திசைக்கூறுகளை அப்படிக் கூட்டக் கூடாது.) 30 டிகிரிக்கு நிமிர்த்தினால் முதுகுக்கு 87, மேலே தள்ளுவது 50. மோதலின் நடுவில் சீட் சுழன்று 70 டிகிரிக்குப் போய்விட்டால் முதுகுக்கு 34தான், மேலே தள்ளுவது 94. குழந்தை ஓட்டிலிருந்து தலைப்பக்கமாக வழுக்கி வெளியே போகப் பார்க்கும். அமெரிக்க விதியான எஃப்எம்விஎஸ்எஸ் 213 சோதனையின்போது ஓடு 70 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று சொல்வதை இந்த எண்களோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

பொதுவாகப் பிறந்த குழந்தைக்கு 45 டிகிரி வரை, தலை தானாக நின்ற பிறகு இன்னும் நிமிர்த்தி. சாய்வு காட்டும் கோடோ குமிழோ சீட்டின் பக்கத்திலேயே இருக்கும். காரைச் சமதளத்தில் நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

இந்த வழுக்கலைப் பிடிப்பதற்காகத்தான், பின்னோக்கிய சீட்டில் தோள்பட்டைகள் குழந்தையின் தோள் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ இருந்து வர வேண்டும் என்கிறார்கள். தோளுக்கு மேலே இருந்து வந்தால், பட்டை இறுகும் முன் குழந்தை அந்த இடைவெளி முழுவதும் வழுக்கிப் போகும். தலைக்கு மேல் ஓடு இன்னும் 2.5 செ.மீ. மிச்சம் இருக்க வேண்டும் என்ற விதியும் இதோடு சேர்ந்தது.

சீட்டின் அடித்தளத்திலிருந்து காரின் தரைக்கு இறங்கும் தாங்குகால் எதற்கு?

மோதலில் சீட் முன்னால் மட்டும் போவதில்லை. தலைப்பக்கம் முன்னாலும் கீழேயும் கவிழ்ந்து சுழலும். கார் இருக்கையின் மெத்தை இளகியது, அதில் அந்தப் பக்கம் புதையும். தாங்குகால் அந்தக் கவிழ்வைத் தரையில் ஊன்றித் தடுக்கிறது. சில வடிவமைப்புகளில் காலுக்குள்ளேயே நசுங்கும் பகுதி ஒன்றை வைத்து, ஊன்றும்போதே ஆற்றலையும் விழுங்க வைக்கிறார்கள். நல்ல யோசனை.

பாதங்கள் இருக்கும் பக்கத்தில், கார் இருக்கையின் முதுகோடு ஒட்டி நிற்கும் வளைந்த கம்பியைப் பார்த்திருப்பீர்கள். அது மோதலின் இரண்டாம் பாதிக்கானது. முன்னால் போன சீட் திரும்ப எகிறி, குழந்தையின் முகம் கார் இருக்கையின் முதுகில் மோதாமல் அது தடுக்கும்.

காரின் தரையில் சாமான் வைக்கும் மூடிபோட்ட குழி இருந்தால் அதன்மேல் காலை ஊன்றக் கூடாது, மூடி உடைந்துவிடும். காரின் கையேட்டில் இதற்குத் தனிக் குறிப்பு இருக்கும்.

பக்கவாட்டில் இடித்தால் என்ன பாதுகாப்பு?

குறைவுதான், நேர்மையாகச் சொன்னால். முன்னால் 70 செ.மீ. நசுங்க இடம் இருந்தது. பக்கவாட்டில் கதவுக்கும் குழந்தைக்கும் இடையே ஒரு சாண் இருந்தால் பெரிது. கதவே உள்ளே வந்து இடிக்கும்.

அதனால் தலைக்கு இரு பக்கமும் ஆழமான இறக்கைகள், அவற்றுக்குள் நசுங்கும் நுரை. சில சீட்டுகளில் கதவுப் பக்கம் வெளியே நீளும் முட்டு ஒன்று இருக்கும். கதவு வந்து தொடும் முன்பே அது சீட்டை மெல்லத் தள்ளத் தொடங்கிவிடும். நேர்மோதலில் தொய்வைக் குறைத்த அதே தந்திரம். முடிந்தால் பின் இருக்கையின் நடுவில் பொருத்துங்கள், அங்கே சரியாகப் பொருந்தும் என்றால் மட்டும். நடுவில் ஆடிக்கொண்டிருப்பதைவிட ஓரத்தில் உறுதியாக இருப்பது மேல்.

பின்னாலிருந்து வேறு வண்டி இடித்தால், குழந்தை அப்போது முன்னோக்கி இருப்பது போலத்தானே?

ஆமாம், திசை அப்படித்தான். ஆனால் பின்மோதல்களில் பெரும்பாலும் இரண்டு வண்டிகளும் ஒரே திசையில் போகின்றன அல்லது ஒன்று நிற்கிறது. குழந்தை இருக்கும் காரின் வேக மாற்றம் பொதுவாகக் குறைவு. கடுமையான காயங்கள் அதிகம் வருவது நேர்மோதலிலும் பக்க மோதலிலும். ஐ.நா. விதிகளின் சோதனையிலும் நேர்மோதலுக்கு 50 கி.மீ., பின்மோதலுக்கு 30 கி.மீ. என்றுதான் வைத்திருக்கிறார்கள்.

எப்படிச் சோதிக்கிறார்கள்?

தண்டவாளத்தில் ஓடும் தள்ளுவண்டியில் ஒரு மாதிரி இருக்கையை வைத்து, அதில் குழந்தை சீட்டைப் பொருத்தி, அளவுக்கருவிகள் நிறைந்த பொம்மையை உட்கார வைத்து, நிறுத்துகிறார்கள். எல்லாம் பத்தில் ஒரு விநாடிக்குள் முடிந்துவிடும்.

அமெரிக்காவின் எஃப்எம்விஎஸ்எஸ் 213 விதியில் வேகம் மணிக்கு 48 கி.மீ. நெஞ்சு முடுக்கம் 60 ஜியைத் தாண்டக் கூடாது. 3 மில்லிவிநாடிக்கும் குறைந்த சிறு துள்ளல்களை விட்டுவிடுகிறார்கள். தலைக்காய அளவெண் (தலையின் முடுக்கத்தையும் அது நீடிக்கும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் எண்) 1,000க்குள் இருக்க வேண்டும். ஐரோப்பாவிலும் வேறு பல நாடுகளிலும் ஐ.நா. விதிகள். பழையது ஆர்44, 2013இல் வந்தது ஆர்129, ‘ஐ-சைஸ்’ என்று விளம்பரங்களில் வருவது இதன் கீழ் வருவதுதான். ஆர்129 மூன்று காரியம் செய்தது: குழந்தையை எடையால் அல்லாமல் உயரத்தால் வகைப்படுத்தியது, பக்க மோதல் சோதனையைக் கட்டாயமாக்கியது, 15 மாதம் வரை பின்னோக்கியே உட்கார வேண்டும் என்றது.

ஒரு எச்சரிக்கை. இந்த எண்கள் தேர்ச்சி மதிப்பெண் மாதிரி. 59 ஜி வாங்கிய சீட்டும் தேர்ச்சி, 38 ஜி வாங்கியதும் தேர்ச்சி. லேபிளில் வித்தியாசம் தெரியாது.

கணினியில் உருவகப்படுத்திப் பார்த்தால் போதாதா?

வடிவத்தைத் தேடும் கட்டத்தில் அது இல்லாமல் இப்போது யாரும் வேலை செய்வதில்லை. நூறு நுரைத் தடிமன்களை ஓர் இரவில் ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் துணிக்கும் பொம்மைக்கும் இடையிலான உராய்வு, நுரை வார்ப்பில் வரும் அடர்த்தி ஏற்ற இறக்கம், ஓட்டில் விரிசல் தொடங்கும் இடம் போன்றவற்றில் கணினி நீங்கள் கொடுத்த எண்ணைத்தான் திருப்பிச் சொல்லும். கடைசியில் உடைத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

ஓடு எதனால் ஆனது? வெயிலில் நிறுத்திய காரில் வீணாகிவிடாதா?

பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன், அதிலும் அடி தாங்கும்படி ரப்பர்த் தன்மை சேர்த்த வகை. சாதாரண பாலிப்ரொப்பிலீன் உறைநிலைக் குளிரில் கண்ணாடி போல உடையும், அதனால் அது உதவாது. ஓடு ரொம்ப விறைப்பாகவும் இருக்கக் கூடாது, வளைந்து வழிவிடவும் கூடாது. விளிம்பு, பட்டை நுழையும் துளை, காலும் அடித்தளமும் சேரும் இடம் ஆகிய மூன்றும் முதலில் பிளக்கும் இடங்கள். அங்கெல்லாம் பின்புறம் விலாக்கள் ஓடுவதைப் பார்க்கலாம்.

மூடிய காரின் சூட்டை விதிகளும் கணக்கில் எடுத்திருக்கின்றன. ஆர்44 சோதனையில் சீட்டை 80 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் வைத்துப் பார்ப்பார்கள். ஆனால் ஆண்டுக் கணக்கில் படும் புற ஊதாக் கதிரும், சூடும் குளிரும் மாறி மாறி வருவதும் பிளாஸ்டிக்கை மெல்ல நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோகும். சீட்டின் அடியில் காலாவதித் தேதி அச்சிட்டிருப்பது அதனால். செய்த நாளிலிருந்து 6 முதல் 10 ஆண்டு வரை என்று வைப்பது வழக்கம்.

பக்கிளை அழுத்த ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது?

வேண்டுமென்றே செய்தது. 40 நியூட்டனுக்குக் குறைந்த விசையில் திறக்கக் கூடாது என்பது விதி, அதாவது 4 கிலோ எடை அளவுக்கு அழுத்த வேண்டும். குழந்தையோ பக்கத்தில் இருக்கும் அண்ணனோ விளையாட்டாகத் திறந்துவிடாமல் இருக்க.

முன் இருக்கையில் வைக்கலாமா?

அங்கே ஏர்பேக் வேலை செய்யும் நிலையில் இருந்தால் கூடவே கூடாது. ஏர்பேக் கண்சிமிட்டும் நேரத்துக்கும் குறைவான பொழுதில் விரிகிறது. பின்னோக்கிய சீட்டின் ஓடு, குழந்தையின் தலைக்கு நேர் பின்னால், அது வெடித்து வரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. குழந்தைகள் இப்படி இறந்திருக்கிறார்கள்.

வளர்ந்த குழந்தையின் கால் மடங்கிக்கொள்கிறதே, உடைந்துவிடாதா?

உடையாது. குழந்தைகள் சம்மணமிட்டும், காலைத் தூக்கிக் கார் இருக்கையின் முதுகில் வைத்துக்கொண்டும் சுகமாக இருப்பார்கள். நேர்மோதலில் கால்கள் சீட்டை விட்டு அந்தப் பக்கம் போவதில்லை, குழந்தையோடு சேர்ந்து ஓட்டுக்குள் வருகின்றன. முன்னோக்கிய சீட்டில்தான் கால் வீசி எதிரே இருக்கும் இருக்கையில் இடிக்கிறது.

எத்தனை வயது வரை பின்னோக்கி?

சீட் அனுமதிக்கும் உயரமும் எடையும் எட்டும் வரை. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் 2011இல் 2 வயது வரை என்றது. 2018இல் வயதை எடுத்துவிட்டு, சீட்டின் எல்லை வரை என்று மாற்றியது. ஸ்வீடனில் 4 வயது வரைகூட அப்படியே வைத்திருப்பது வழக்கம்.

இங்கே ஒரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். 2007இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, 2 வயதுக்குள் பின்னோக்கிய சீட் பல மடங்கு பாதுகாப்பு என்றது. எல்லா இடத்திலும் மேற்கோள் காட்டப்பட்டது. பிறகு அதன் புள்ளியியலில் பிழை இருப்பது தெரிந்து திரும்பப் பெறப்பட்டது. மறுபடி அலசியபோது, நல்ல சீட்டில் இருந்த குழந்தைகளுக்குக் காயமே மிகக் குறைவாக இருந்ததால், இரண்டு திசைகளையும் உறுதியாக ஒப்பிடப் போதுமான எண்ணிக்கை கிடைக்கவில்லை. அந்தப் பழைய எண்ணை யாராவது உங்களுக்கு அனுப்பினால் நம்ப வேண்டாம். மேலே சொன்ன கழுத்துக் கணக்கு அந்த ஆய்வை நம்பி நிற்கவில்லை.

பெல்ட்டால் கட்டுவது நல்லதா, ஐசோஃபிக்ஸ் நல்லதா?

சரியாகப் பொருத்தினால் இரண்டும் நல்லவை. ஐசோஃபிக்ஸ் என்பது கார் இருக்கையின் மடிப்புக்குள், 280 மி.மீ. இடைவெளியில் இருக்கும் 6 மி.மீ. தடிமனான இரண்டு கம்பிகள். சீட்டின் கொக்கிகள் அதில் ‘க்ளிக்’ என்று மாட்டும். அதன் பெரிய பலம், தப்பாக மாட்டுவது கடினம் என்பது. பெல்ட்டில் முறுக்கு விழலாம், தப்பான வழியில் போகலாம், போன வாரம் இறுக்கியது இந்த வாரம் தளர்ந்திருக்கலாம். தூக்கமில்லாத பெற்றோர், இருட்டில், அழும் குழந்தையோடு, மழையில் மாட்டப் போகிற பொருள் இது. ஆய்வுக்கூடத்தில் நிதானமாக மாட்டுகிற பொருள் இல்லை. ஐ-சைஸ் ஐசோஃபிக்ஸில் சீட்டும் குழந்தையும் சேர்ந்து 33 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழந்தையின் பட்டை இறுக்கமாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தோளுக்கு மேல் பட்டையை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு பிடிக்க வந்தால் தொய்வு இருக்கிறது, இன்னும் இழுங்கள். விரல் வழுக்கினால் சரி.

விபத்தில் இருந்த சீட்டை மறுபடி பயன்படுத்தலாமா? யாரோ கொடுத்த பழைய சீட்டை?

விபத்துக்குப் பிறகு மாற்றிவிடுங்கள். நுரை தன் 4 செ.மீ.யில் ஒரு பகுதியை ஏற்கெனவே செலவழித்திருக்கும், வெளியே எதுவும் தெரியாது. அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு ஒரு விலக்கு தருகிறது: காரை ஓட்டிக்கொண்டே போக முடிந்தது, சீட்டுக்குப் பக்கத்துக் கதவு சேதமாகவில்லை, யாருக்கும் காயமில்லை, ஏர்பேக் விரியவில்லை, சீட்டில் கண்ணுக்குத் தெரியும் சேதமில்லை. ஐந்தும் உண்மையானால் மாற்றத் தேவையில்லை. சில தயாரிப்பாளர்கள் இதையும் ஒத்துக்கொள்வதில்லை. கையேட்டில் எப்படி மோதினாலும் மாற்று என்று இருந்தால் அதன்படியே செய்யுங்கள்.

பழைய சீட்டை வாங்குவதானால், அது எந்த மோதலிலும் இருந்ததில்லை என்று உங்களிடம் முகத்துக்கு நேராகச் சொல்லக்கூடிய ஆளிடமிருந்து மட்டும் வாங்குங்கள். அடியில் காலாவதித் தேதி, கையேடு, எல்லாப் பாகங்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். துணியை முழுவதும் கழற்றி நுரையில் விரிசல் தேடுங்கள். துணியைக் கழற்ற விடமாட்டேன் என்றால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.